சம்பந்தி வீட்டுப் பாசி

முருகன் துணை

அவிநாசி
17.3.2025

திரு. ஆரோக்கியராஜ் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நலம். அங்கும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கல்யாணத் தேதி குறிக்கும்போது நாம் இருவரும் போனில் போட்ட சத்தத்தை நம் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. "நீங்களும் எங்கப்பாவும் போன்ல பேசவே கூடாது மாமா. ஏதாச்சும் இருந்தா எழுதிக்கோங்க, எழுதுறப்பக் கத்த முடியாது" என்று உங்கள் மகள் ஆஷா விமானம் ஏறும் முன் என்னிடம் சத்தியம் வாங்கியது. உங்களிடமும் வாங்கிவிட்டதாகச் சொன்னது. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே தபால் எழுதும் நிலை அதனால்தான் வந்தது.

விஷயம் இதுதான். என் மகன் திருமூர்த்தியும் ஆஷாவும் கம்பெனி வேலையாக ஆறு மாதம் கென்யா போகும்போது, அவர்கள் வாடகை வீட்டில் இருந்த மீன் தொட்டியை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். இரண்டரை அடித் தொட்டி, கறுப்பு மோலி எட்டு, கப்பி ஆறு. என்னிடம் ஒப்படைத்தபோது தண்ணீர் தெளிவாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முன் ஹாலில் கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்தேன். பத்து மணி வரை நல்ல வெயில் விழும், மீன் மினுமினுக்கும்.

இரண்டே வாரத்தில் தண்ணீர் முழுக்கப் பச்சையாகிவிட்டது. மீன் இருக்கிறதா என்று பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருக்கிறது. நேற்று வந்த நூல் வியாபாரி, "ஏனுங்க, உள்ள கீரை ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பச்சை உங்கள் துறை. அதில் உங்களுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். எனவே உடனடித் தீர்வு தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ப. மகுடேஸ்வரன்

•

இயேசு மரி சூசை

திருப்பூர்
21.3.2025

முதலாளி அவர்களுக்கு,

நீங்கள் என் பழைய முதலாளி, இன்றைக்குச் சம்பந்தி. புது உறவு உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லாததால் நானும் பழையதையே எழுதுகிறேன்.

"பச்சை உங்கள் துறை" என்ற வரியை மூன்று முறை படித்தேன். என் மனைவி அன்புசெல்வி வாங்கிப் படித்துவிட்டு, "அவுக குத்திக் காட்டுதாக. இதுக்குப் போயி எதுக்குப் பதில் எழுதுதிய?" என்றாள். உங்கள் சாயப்பட்டறையில் ஆறு வருடம் டையிங் மாஸ்டராக இருந்தேன். எத்தனையோ நிறம், எத்தனையோ லாட். அதில் ஒரே ஒரு லாட், பாட்டில் கிரீன் என்ற கரும்பச்சை, திட்டுத் திட்டாக வந்தது. அந்த ஒன்று மட்டும் பதினோரு வருடமாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. இருக்கட்டும். மீன்கள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

சாயக்காரனிடம் வந்து வெறுமனே "பச்சை" என்றால் போதாது. எந்தப் பச்சை? இத்துடன் ஆறு துணித் துண்டுகளை எண் போட்டு அனுப்பியிருக்கிறேன். பகல் வெளிச்சத்தில், டியூப் லைட்டை அணைத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரே அந்த நிறமா, கண்ணாடியில் மட்டும் பொட்டுப் பொட்டாகப் படிந்திருக்கிறதா, நூல் நூலாக ஆடுகிறதா என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு பாசிக்கும் வைத்தியம் வேறு. ஆஷா மீன் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் என் தலைமாட்டில்தான் தொட்டி இருந்தது. அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

அதுவரை எதையும் செய்யாதீர்கள்.

ஆரோக்கியராஜ்

•

முருகன் துணை

அவிநாசி
28.3.2025

மாஸ்டர் அவர்களுக்கு,

துணித் துண்டுகள் கிடைத்தன. நான் மூன்றாம் எண் என்றேன். என் மனைவி பழனாயி நான்கு என்றாள். வீட்டை ஒட்டியிருக்கும் நம் பனியன் கம்பெனியின் கட்டிங் செக்சனில் இருந்து வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் கைதூக்கச் சொன்னதில் மூன்று ஜெயித்தது. பச்சை தண்ணீரிலேயே இருக்கிறது. கண்ணாடியிலும் இருக்கிறது. நூல் எதுவும் ஆடவில்லை.

"எதையும் செய்யாதீர்கள்" என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது 24ஆம் தேதி. நான் செய்தது 22ஆம் தேதி. தண்ணீரை மொத்தமாக இறைத்து வெளியே விட்டேன். தொட்டி, கூழாங்கல், மோட்டார் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மூன்று முறை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். பார்க்கக் கண்ணைப் பறித்தது. மறுநாள் இரண்டு கப்பி மல்லாந்துவிட்டன. பழனாயி அவற்றைக் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆறாம் நாள் மறுபடியும் அதே மூன்றாம் எண்.

ஆஷா வீடியோவில் கூப்பிட்டால் நான் போனை மின்விசிறிப் பக்கம் திருப்பிவிடுகிறேன். பழனாயி, "நெட்டு சரியில்ல கண்ணு" என்று கட் செய்கிறாள். எத்தனை நாளைக்கு நெட் சரியில்லாமல் இருக்கும்? வழி சொல்லவும்.

ப. மகுடேஸ்வரன்

•

இயேசு மரி சூசை

திருப்பூர்
1.4.2025

முதலாளி அவர்களுக்கு,

பிளீச்சிங் பவுடர்! மீன் தொட்டியை என்ன சாய மெஷின் என்று நினைத்தீர்களா, அடுத்த லாட்டுக்கு முன்னால் கொதிக்க வைத்துக் கழுவ?

தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் உண்டு. மீன் போடும் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவது அவைதான். நீங்கள் அவற்றைக் கொன்றுவிட்டீர்கள். பாசி சாகவில்லை. அதற்கு வெயிலும் சாப்பாடும் இருந்தால் எங்கிருந்தாவது வந்துவிடும்.

முதலில் தொட்டியை ஜன்னலில் இருந்து எடுங்கள். வெயில் நேராகப் படவே கூடாது. கனமான கறுப்புத் துணியால் நாலு நாள் முழுதாக மூடி வையுங்கள். காற்று மோட்டார் ஓடட்டும், தீனி வேண்டாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது. இருட்டில் பாசி பட்டினி கிடந்து சாகும். அப்புறம் விளக்கு தினமும் ஆறு மணி நேரம் போதும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மிச்சம் விழுந்தால் அது பாசிக்குத்தான் விருந்து.

யார் தீனி போடுகிறார்கள் என்று எழுதவில்லையே? தயவுசெய்து யார் சொன்னாலும் கடையில் போய் எதையும் வாங்காதீர்கள்.

ஆரோக்கியராஜ்

•

முருகன் துணை

அவிநாசி
19.4.2025

மாஸ்டர் அவர்களுக்கு,

"எதையும் வாங்காதீர்கள்" என்ற உங்கள் கடிதமும் ஒரு நாள் பிந்தித்தான் வந்தது. எங்கள் எலக்ட்ரீசியன் பேச்சைக் கேட்டு, பாசி தின்னும் என்று ஆறு சக்கர் மீன் வாங்கிப் போட்டிருந்தேன். ஆஷா வழக்கமாக மீன் வாங்கும் முனீஸ் கடையிலேயே வாங்கியது. அவை கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு என்னையே பார்க்கின்றன. பாசியைத் தின்றதாகத் தெரியவில்லை.

தொட்டியை ஜன்னலில் இருந்து மாடிப்படிப் பக்கம் மாற்றி, மிஞ்சிய கறுப்பு பனியன் துணியைச் சுற்றி மூடினேன். அந்த நாலு நாளும் வந்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். வங்கியில் இருந்து வந்தவர் ஒருவர், "சிலை திறப்பு எப்போங்க?" என்றார். அவரை முறைத்துவிட்டேன். அவரிடம் எனக்கு வேலை ஆக வேண்டியிருந்தது. அதை இனி என்ன சொல்ல.

தீனி விஷயத்தை விசாரித்தேன். வீட்டு ஹாலில் கம்பெனிக் கேமரா ஒன்று இருக்கிறது. ஒரு நாள் பதிவை உட்கார்ந்து பார்த்தேன். கணக்குப்பிள்ளை வந்து ஒரு சிட்டிகை போடுகிறார். டிரைவர் ஒரு சிட்டிகை. கையெழுத்து வாங்க வரும் செக்கிங் பெண்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு சிட்டிகை. பழனாயி இட்லியைப் பிய்த்துப் போடுகிறாள். இன்னொரு ஆள் காலையில் இரண்டு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வந்து அள்ளி அள்ளிப் போடுகிறான். யாரடா இவன் என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான்.

எல்லாருக்கும் தடை போட்டுவிட்டேன். எனக்கும். டப்பா இப்போது பீரோவுக்குள்.

துணியை எடுத்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்தே நாளில் திரும்பவும் பச்சை! வெயில் இல்லை, தீனி ஒரு வேளைதான், விளக்கு ஆறு மணி நேரம், கால்பங்குத் தண்ணீர் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. அப்படியானால் வைத்தியத்தில்தானே குறை?

ப. மகுடேஸ்வரன்

•

இயேசு மரி சூசை

திருப்பூர்
23.4.2025

முதலாளி அவர்களுக்கு,

சக்கர் ஒவ்வொன்றும் ஒரு அடி வளரும். ஆறும் வளர்ந்தால் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற இடமிருக்காது. தின்பதைவிடக் கழிப்பது அதிகம். முனீஸிடம் திருப்பிக் கொடுங்கள். நான் சொல்லி வைக்கிறேன்.

கேமரா விஷயத்தைப் படித்து அன்புசெல்வி சிரித்தாள். உங்கள் கடிதத்தைப் படித்து இந்த வீட்டில் யாரும் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மாற்றுகிற தண்ணீர் எது? போர் தண்ணீரா? அந்தப் பழைய போரில் இருந்து வருவதுதானா? ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

ஆரோக்கியராஜ்

•

அவிநாசி
26.4.2025

திரு. ஆரோக்கியராஜ் அவர்களுக்கு,

எங்கே வந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த லாட் கெட்டபோதும், புது போர் தண்ணீரில்தான் குறை என்றீர்கள். பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, ஊரில் நாலு போர் பொய்த்த வருடத்தில் எனக்கு மட்டும் பொங்கி வந்த தண்ணீர் அது. என் அப்பா அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. பாட்டில் எதுவும் வராது.

பச்சையை எப்படி எடுப்பது என்று நானே பார்த்துக்கொள்கிறேன். துணி வெளுக்கும் பெராக்சைடு கேன் ஒன்று கம்பெனியில் இருக்கிறது.

ப. மகுடேஸ்வரன்

•

இயேசு மரி சூசை

திருப்பூர்
5.5.2025

முதலாளி அவர்களுக்கு,

பெராக்சைடு ஊற்றியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஊற்றவில்லை என்று எனக்குத் தகவலும் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதோடு ஒரு பாட்டில் தண்ணீரும் வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அண்ணா, இது எங்க போர் தண்ணிங்க. அவருக்குத் தெரிய வேண்டாமுங்க. மீனு பாவமுங்க." யார் அனுப்பியது என்று சொல்ல மாட்டேன். பாட்டிலின் மூடியைச் சுற்றி நீலப் பூப்போட்ட புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. அதற்கு மேல் என் வாயில் இருந்து ஒரு வார்த்தை வராது.

முனீஸ் கடையில் தண்ணீர் சோதிக்கும் காகிதப் பட்டை இருக்கிறது. நனைத்தால் நிறம் மாறும். நைட்ரேட் குறைவாக இருந்தால் வெள்ளை, கொஞ்சம் கூடினால் ரோஜா நிறம். உங்கள் தண்ணீர் அதைக் குங்குமமாக்கிவிட்டது. "இவ்வளவு சிவந்து நான் பாத்ததே இல்லண்ணே" என்றான் முனீஸ். சுற்றுவட்டார வயல்களுக்குப் போடும் உரம் மழையோடு இறங்கி நிலத்தடித் தண்ணீரில் கலக்கிறது. பயிருக்கு எது சாப்பாடோ அதுவே பாசிக்கும் சாப்பாடு. நீங்கள் வாரா வாரம் கால்பங்குத் தண்ணீர் மாற்றவில்லை. கால்பங்கு உரம் வைத்திருக்கிறீர்கள்.

நான் இப்போது வேலை செய்யும் சாய லேபில் தண்ணீரின் கடினத்தன்மையும், அதாவது அதில் உள்ள உப்பின் அளவும், பார்த்தேன். எண்ணை எழுதவில்லை, எழுதினால் நான் ஜெயித்ததாக ஆகும். இந்தத் தண்ணீரில் எந்த மாஸ்டர் போட்டாலும் பாட்டில் கிரீன் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

அன்றைக்கு நீங்கள் பட்டறை நடுவில் நின்று, "மாஸ்டருக்குக் கண்ணு தெரியலைன்னா கண்ணாடி வாங்கிக் குடுங்கடா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சோறு போடுவது கண்தான். அதற்குப் பிறகு ஒரு வருடம், ஷேடு பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவனிடம், "நீயும் ஒருதடவ பாருப்பா" என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே என் கண் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போது கத்த முடியாது என்று ஆஷா சொன்னது சரிதான். கத்தாமல் இருந்தால் இதெல்லாம் வந்துவிடுகிறது.

தொட்டிக்கு: குடிக்க வரும் ஆற்றுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் வாசம் போனபின், போர் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். மோலிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர் பிடிக்கும், முழுதாக மாற்ற வேண்டாம். மணி பிளாண்ட் கொடியில் நாலு துண்டு வெட்டி, வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டியின் விளிம்பில் தொங்கவிடுங்கள். பாசி தின்னும் உரத்தை அது முந்திக்கொண்டு தின்றுவிடும். அவசரப்படாதீர்கள், ஒரு மாதம் ஆகும்.

ஆரோக்கியராஜ்

•

முருகன் துணை

அவிநாசி
30.6.2025

மாஸ்டர்,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்துபோன நாட்கள் நிறைய.

அந்த நீலப் புடவை நான் எடுத்துக் கொடுத்தது. பழனாயியிடம் கேட்டேன். "ஆமாங்க, நாந்தான் குடுத்து உட்டேன். மீனுக்காக ஒரு முந்தானை கிழிஞ்சா என்னங்க?" என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் லேபை நான் நம்பவில்லை. இன்னொரு பாட்டில் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போய் வேறொரு இடத்தில் கொடுத்தேன். காரில் போனால் டிரைவருக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரிந்தால் கம்பெனிக்கே தெரியும். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. அங்கிருந்த பெண், "இந்தத் தண்ணியில சாயம் ஏதும் போடலைங்களே சார்?" என்று தானாகவே கேட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவே மறந்துவிட்டேன். கண்டக்டர் இரண்டு முறை தட்டினார்.

மறுநாள் டீ நேரத்தில் பேக்கிங் செக்சனில் எல்லாரையும் நிற்கச் சொல்லி, "பழைய பட்டறையில பாட்டில் கிரீன் கெட்டுதே, தப்பு மாஸ்டர் மேல இல்ல. தண்ணி மேல. அதைக் கேக்காத என் மேல" என்றேன். பாதிப் பேருக்கு நான் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. ஒடிசாப் பையன்கள் ஏதோ போனஸ் என்று நினைத்துக் கைதட்டிவிட்டார்கள். அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இருப்பது வாட்ச்மேன் சென்னியப்பன் மட்டும்தான். அவரைப் பார்த்து, "கேட்டீங்களா சென்னியப்பா?" என்றேன். "அது அன்னைக்கே எங்களுக்கெல்லாந் தெரியுமுங்களே" என்றார். "அப்புறம் ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டேன். "நீங்க முதலாளிங்க, சொன்னா சிரிக்கோணுமில்லீங்க" என்றார்.

கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொன்ன வார்த்தைக்கு என்ன எழுதுவது என்று இரண்டு மாதம் யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர வேறு வார்த்தை இருந்தால், படித்தவர்கள் யாராவது சொன்னால்தான் உண்டு.

தண்ணீர் தெளிந்துவிட்டது. நீங்கள் சொன்னது போலவே ஒரு மாதம் ஆனது. மணி பிளாண்ட் தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. கறுப்பு மோலி குட்டி போட்டிருக்கிறது, எண்ண முடியவில்லை. கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு என்ன செய்ய?

வருகிற ஆகஸ்ட் 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள். நேராக இங்குதான் வருவார்கள். நீங்களும் சம்பந்தியம்மாவும் வர வேண்டும். எங்கள் ஊட்டுக்கு நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை. கூப்பிடாததும் நான்தான்.

மகுடேஸ்வரன்

•

இயேசு மரி சூசை

திருப்பூர்
8.7.2025

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. லேபுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து படித்தேன். அன்று மத்தியானம் ஒரு நேவி புளூவுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை பார்த்தேன், சரி என்றேன். பக்கத்தில் யாரிடமும் கொடுக்கவில்லை.

நீங்கள் ஒடிசாக்காரர்களுக்குப் போனஸ் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அன்புசெல்வி சொல்கிறாள். கைதட்டிவிட்டார்களாம்.

கண்ணாடிப் பச்சைக்கு: புது டூத் பிரஷ் ஒன்று வாங்கி, பற்பசை எதுவும் போடாமல் தேயுங்கள். பொட்டுப் பொட்டாகக் கெட்டியாக இருந்தால் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். முன்பக்கம் மட்டுமல்ல, நாலு பக்கமும். பிள்ளைகள் வரும்போது ஒரு பொட்டுப் பச்சைகூட இருக்கக் கூடாது. பார்த்ததும் ஆஷா அசந்து நிற்க வேண்டும்.

கட்டாயம் வருகிறோம். சாயங்காலம் சர்ச்சில் பூசை இருப்பதால் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவோம்.

ஆரோக்கியராஜ்

•

முருகன் துணை

அவிநாசி
1.9.2025

சம்பந்தி,

நேற்று நாலு மணிக்குக் கிளம்பினீர்கள். தப்பித்தீர்கள்.

நீங்கள் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பயணக் களைப்பில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள், நாமும் பேசிக்கொண்டிருந்தோம். சம்பந்தியம்மா கொண்டுவந்த அதிரசத்தைப் பழனாயி அதுவரை யாருக்கும் தரவில்லை. ஐந்து மணிக்கு ஆஷா எழுந்து தொட்டிப் பக்கம் வந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தது. முன்பக்கம் பார்த்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தது. அப்புறம் நிமிர்ந்து, "மாமா, பின்னாடி இருந்த பாசி எங்க?" என்றது.

"எடுத்தாச்சு கண்ணு. ஒரு பொட்டு இல்ல பாரு."

"ஏன் மாமா எடுத்தீங்க? மோலிக்கு அதுதான் மாமா தீனி! பின்பக்கக் கண்ணாடியில போறதுக்கு முன்னாடி ஒரு வருஷமா அத வளத்து வெச்சிருந்தேன். குட்டிக எல்லாம் எத மேயும்? முன்னாடி மட்டும் தேச்சா போதாதா? சோப்புப் போட்ட தட்டு மாதிரி வெச்சிருக்கீங்க!"

ஆஷா வேண்டுமென்றே வளர்த்த பாசியையா நான் முதலில் பிளீச்சிங் பவுடராலும், திரும்ப வந்ததை பிரஷாலும் தேய்த்தேன் என்று எனக்குத் தலை சுற்றிவிட்டது. இரண்டு மாதம், சம்பந்தி! வாரம் மூன்று நாள், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் டூத் பிரஷோடு. இடுப்பு பிடித்துக்கொண்டதற்குத் தைலம் தேய்த்தது பழனாயி. கப்பி நாலுதானே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"யார் உங்களை நாலு பக்கமும் தேய்க்கச் சொன்னது?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டது. திருமூர்த்தி படியில் நின்று சிரிக்கிறான், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பெயர் நாக்கு நுனி வரை வந்தது, சம்பந்தி. உங்கள் கடிதமே மேசை டிராயரில் இருக்கிறது, எடுத்து நீட்டியிருக்கலாம்.

"யாரும் சொல்லலைங்க கண்ணு. நானாத்தான் தேச்சேன்" என்றேன்.

பழனாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய் டம்ளர் நிறையக் காப்பி கொண்டுவந்து, இரண்டு அதிரசத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மகுடேஸ்வரன்

•

இயேசு மரி சூசை

திருப்பூர்
3.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்து முடித்ததும் ஆஷாவுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, மாமாவத் திட்டாத. நாலு பக்கமும் தேய்க்கச் சொன்னது நாந்தான், என் கைப்பட எழுதிக் குடுத்தது" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நீங்களுமாப்பா? ஆறு வருசம் என் தொட்டிப் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சீங்களே, மோலி என்ன திங்கும்னு தெரியாதா?" என்று ஆரம்பித்தாள். இருபது நிமிடம். போனைத் தள்ளிப் பிடித்தும் அன்புசெல்விக்கு எல்லாம் கேட்டது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். பாசி மோலிக்குத் தீனி என்பதையே மறந்து, அந்த நிறத்தை ஒரு பொட்டுகூட விடக் கூடாது என்று எனக்கே ஒரு வெறி வந்துவிட்டது. நாலு பக்கமும் என்று எழுதும்போது மீனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அதனால் இப்போது அவளுக்கு உங்கள் மேல் கோபம் குறையவில்லை, என் மேலும் புதிதாக வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நாம் இரண்டு பேரும் ஒன்றாக அவள் எதிரில் உட்கார வேண்டுமாம். தண்ணீர் மாற்றுவது முதல் தீனி வரை அவள் சொல்லச் சொல்ல ஆளுக்கொரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமாம். நோட்டு அவளே வாங்கிவிட்டாளாம்.

ஒன்பதரை பஸ்ஸில் ஏறுகிறேன், பத்தேகாலுக்கெல்லாம் வந்துவிடுவேன். அதுவரை வீட்டுக்குள் தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள். கம்பெனியில் ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே சென்னியப்பன் பக்கத்தில் நில்லுங்கள். நான் இறங்கி வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்தே உள்ளே போவோம்.

ஆரோக்கியராஜ்